எக்ஸ்எம்எல் என்டிட்டி விரிவாக்கத் தாக்குதல்: உங்கள் பார்சரைப் பூட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தில், ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான ஒரு ஃபைல். வைரஸ் என்று சொல்ல அதில் எதுவும் இருக்காது. அப்லோட் அளவு வரம்பும் அதைத் தடுக்காது. அதைப் பிரித்துப் படிக்கும் ப்ரோகிராமான பார்சர் வேலையைத் தொடங்கியதும் மெமரி பல ஜிபிக்கு ஏறும், சர்வர் திணறி விழும். ‘பில்லியன் லாஃப்ஸ்’ என்ற பெயரில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த தாக்குதல் இது. லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரியில் அதற்கான குறைப்பதிவின் எண் சிவிஇ-2003-1564. ஆனால் பைதான் முதல் பல மொழிகளுக்கு அடித்தளமாக இருக்கும் எக்ஸ்பேட் லைப்ரரி, இதற்கான தடுப்பைத் தனக்குள்ளேயே கொண்டுவந்தது 2021 மே மாதம், 2.4.0 வெர்ஷனில்தான்.

இதில் மாட்டிக்கொள்ள நீங்கள் எழுதிய கோடில் ஒரு வரிகூடத் தப்பாக இருக்க வேண்டியதில்லை. ‘இந்த ஃபைலைப் பார்ஸ் செய்’ என்று ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். அதற்கு அடியில் ஓடுவது எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், அதன் டீஃபால்ட் என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கோடை வாசித்துப் பார்த்து ‘நமக்குப் பிரச்சினை இல்லை’ என்று கையெழுத்துப் போட முடியாது. ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தாக்குதல் எப்படி வேலை செய்கிறது

வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0-ஐ வெளியிட்டபோது, அதற்கு முந்தைய எஸ்ஜிஎம்எல்-இல் இருந்த டிடிடி என்ற பகுதியும் கூடவே வந்தது. ஆவணத்தின் உச்சியில் டாக்டைப் என்று தொடங்கும் பகுதி அது. அங்கே ஒரு பெயரைச் சொல்லி அதற்கு ஒரு உரையைக் கொடுக்கலாம். பிறகு ஆவணத்தில் எங்கே வேண்டுமானாலும் ஆம்பர்சண்ட், அந்தப் பெயர், அரைப்புள்ளி என்று எழுதினால் பார்சர் அந்த இடத்தில் உரையை நிரப்பிவிடும். இந்தப் பெயர்தான் என்டிட்டி. ஆயிரம் பக்கக் கையேட்டில் நிறுவனத்தின் பெயர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும் என்பதால் பதிப்பக வேலைக்கு அருமையான வசதி. இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வதற்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

என்டிட்டியின் பெயர் தமிழிலும் இருக்கலாம், எக்ஸ்எம்எல் அதை அனுமதிக்கிறது. அதனால் தாக்குதலைத் தமிழிலேயே காட்டிவிடலாம்:

&அ; = சிரி
&ஆ; = &அ;&அ;&அ;&அ;&அ;&அ;&அ;&அ;&அ;&அ;
&இ; = &ஆ;&ஆ;&ஆ;&ஆ;&ஆ;&ஆ;&ஆ;&ஆ;&ஆ;&ஆ;
&ஈ; = &இ; பத்து முறை

இப்படியே உ, ஊ, எ, ஏ, ஐ என்று போய் ஒ வரை வந்தால் மொத்தம் பத்து என்டிட்டிகள். ஆவணத்தின் உடலில் இருப்பது &ஒ; என்ற ஒரே ஒரு குறிப்புதான். பார்சர் அதை விரித்தால் பத்து ஆகும், பத்து நூறாகும், கடைசியில் நூறு கோடி ‘சிரி’. மூல வடிவத்தில் இருந்தது மூன்றெழுத்து ஆங்கிலச் சிரிப்பு ‘லால்’, ஆகவே 3 ஜிபி. நம் ‘சிரி’ யூடிஎஃப்-8-இல் 12 பைட் பிடிக்கும் என்பதால் 12 ஜிபி. தமிழில் சிரித்தால் செலவு நான்கு மடங்கு!

இதைச் சுழற்சி என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு என்டிட்டி தன்னையே நேராகவோ சுற்றியோ குறிப்பிடுவதை எக்ஸ்எம்எல் விதி ஏற்கெனவே தடை செய்திருக்கிறது. இங்கே எந்த வட்டமும் இல்லை. ஒ-விலிருந்து அ வரை கீழ்நோக்கி மட்டுமே போகிற, விதிப்படி முற்றிலும் சரியான ஆவணம் இது. ஆகவே ‘செல்லுபடியாகும் எக்ஸ்எம்எல்தானா’ என்ற சோதனை இதைப் பிடிக்காது. லிப்எக்ஸ்எம்எல்2-இன் பழைய வெர்ஷன்கள் இதைப் பிடித்தாலும் ‘என்டிட்டி சுழற்சி கண்டறியப்பட்டது’ என்றுதான் பிழைச்செய்தி தரும். லாகில் அதைப் பார்த்துவிட்டு இல்லாத வட்டத்தைத் தேடி அலையாதீர்கள்.

இரண்டாவது வகையில் அடுக்கே கிடையாது. 1,00,000 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு என்டிட்டி, அதற்கு ஓரெழுத்துப் பெயர். உடலில் அதை 33,000 முறை கூப்பிட வேண்டும். ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தால் ஒரு குறிப்புக்கு 3 பைட்தான் ஆகும். ஃபைல் மொத்தமே ஏறக்குறைய 200 கேபி. விரிந்தால் 330 கோடி எழுத்துகள். ‘குவாட்ராடிக் ப்ளோஅப்’ என்பார்கள். அடுக்கின் ஆழத்தை மட்டும் பார்க்கும் தடுப்பு இதைக் கோட்டை விட்டுவிடும். விரிவாக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணும் தடுப்பும் அப்படியே. ஜாவாவின் நீண்டநாள் எண்ணிக்கை வரம்பு 64,000. இந்த ஃபைல் அதில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஜாவாவில் என்டிட்டிகளின் மொத்த அளவுக்கென்று இன்னொரு வரம்பையும் சேர்க்க வேண்டி வந்தது.

2014 ஆகஸ்டில் வலைத்தள மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூபல் இரண்டையும் ஒருசேரப் பதம் பார்த்தது இந்த இரண்டாவது வகைதான். இரண்டிலும் வெளி ப்ரோகிராம்கள் எக்ஸ்எம்எல்-இல் கட்டளை அனுப்பும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற வழி டீஃபால்டாகத் திறந்திருந்தது. லாகின் எதுவும் தேவையில்லை, வெளியிலிருந்து ஒரு கோரிக்கை அனுப்பினால் போதும். இரு அணிகளும் கலந்து பேசி ஆகஸ்ட் 6 அன்று வேர்ட்பிரஸ் 3.9.2, ட்ரூபல் 7.31 என்று ஒரே நாளில் திருத்தங்களை வெளியிட்டன.

டிடிடிக்குள்ளேயே பயன்படும் பாராமீட்டர் என்டிட்டிகளை வைத்துச் செய்யும் வகையும் உண்டு. 2021-இல் லிப்எக்ஸ்எம்எல்2-இல் சிவிஇ-2021-3541 என்று பதிவானது அதுதான். சர்வரிலுள்ள ஃபைலையோ உள் நெட்வொர்க் முகவரியையோ இழுத்து வரும் எக்ஸ்டர்னல் என்டிட்டி, அதாவது எக்ஸ்எக்ஸ்இ, இதன் உடன்பிறப்பு. அங்கே போவது மெமரி அல்ல, ரகசியம். நல்லவேளையாக இரண்டுக்கும் கதவு ஒன்றே.

படி 1: எக்ஸ்எம்எல் எங்கெல்லாம் நுழைகிறது என்று பாருங்கள்

‘நாங்கள் ஜேசன் மட்டும்தான்’ என்று சொல்லும் டீம்களில்கூட எக்ஸ்எம்எல் இருக்கும். டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல்கள் எக்ஸ்எம்எல் அடைத்த ஜிப்தான். ப்ரொஃபைல் படமாக ஏற்கும் எஸ்விஜி, ஆர்எஸ்எஸ் ஓடை, சைட்மேப், வரைபடத் தடங்களுக்கான ஜிபிஎக்ஸ், அலுவலகக் கணக்கில் டேலியிலிருந்து வரும் எக்ஸ்போர்ட் என்று பட்டியல் நீளும். எக்செல் படிக்கும் ஜாவா லைப்ரரியான அப்பாச்சி பிஓஐ-யிலேயே 2014-இல் இந்தக் குறை சிவிஇ-2014-3574 என்று பதிவானது. பைதானின் ஓப்பன்பைஎக்ஸ்எல் தன் ஆவணத்தில் வெளிப்படையாகவே சொல்கிறது: இந்தத் தாக்குதல்களிலிருந்து தானாகக் காப்பாற்ற மாட்டேன், டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல் என்ற பாதுகாப்புப் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள் என்று. எத்தனை பேர் அந்தப் பத்தி வரை படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

ப்ராஜெக்டில் எக்ஸ்எம்எல் என்ற சொல்லைத் தேடுவதோடு நிறுத்தாமல், டிபென்டன்சி மரத்தில் (ப்ராஜெக்ட் சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள், அவை சார்ந்திருப்பவை எல்லாவற்றிலும்) எந்தெந்தப் பேக்கேஜ் ஏதாவதொரு எக்ஸ்எம்எல் பார்சரை இழுத்துக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். முதல் பட்டியலைவிட இரண்டாவது எப்போதும் நீளமாக இருக்கும்.

கையெழுத்திட்ட எக்ஸ்எம்எல்-ஐத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சிங்கிள் சைன்-ஆனுக்கான சாம்ல் பதில்களும் ஆதார் ஆஃப்லைன் இ-கேஒய்சி ஃபைலும் டிஜிட்டல் கையெழுத்தோடு வருபவை. ‘கையெழுத்தைச் சரிபார்க்கிறோமே, பிறகென்ன’ என்ற நிம்மதி இங்கே செல்லாது. கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் ஆவணத்தைப் பார்ஸ் செய்தாக வேண்டும். அதாவது யார் அனுப்பினார்கள் என்று தெரிவதற்கு முன்பே பார்சர் ஓடி முடித்திருக்கும். தாக்குபவருக்குத் தேவை அந்த ஒரு கணம்தான்.

படி 2: உண்மையில் ஓடும் பார்சரைக் கண்டுபிடியுங்கள்

பைதான் வெர்ஷனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பைதானோடு வரும் எக்ஸ்எம்எல் மாட்யூல்கள் எல்லாம் எக்ஸ்பேட்டின் மேல்தான் நிற்கின்றன. அந்த எக்ஸ்பேட் பைதானோடு கட்டி வந்ததா, லினக்ஸ் டிஸ்ட்ரிப்யூஷனின் சொந்தப் பிரதியா என்பது நீங்கள் எங்கிருந்து நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பைதான் வெர்ஷன் உங்கள் லேப்டாப்பில் ஒரு எக்ஸ்பேட்டோடும் ப்ரொடக்‌ஷனில் வேறொன்றோடும் ஓடலாம். பைஎக்ஸ்பேட் மாட்யூலில் எக்ஸ்பேட் வெர்ஷனைச் சொல்லும் மாறிலி ஒன்று இருக்கிறது. அதை ப்ரொடக்‌ஷன் கன்டெய்னருக்குள்ளேயே அச்சிட்டுப் பாருங்கள். 2.4.1-க்குக் கீழே இருந்தால் இன்றே அப்டேட் செய்யுங்கள். அதற்கு மேல் இருந்தாலும் நின்றுவிட வேண்டாம். என்டிட்டிச் சங்கிலியை மிக நீளமாக்கி ஸ்டாக்கை நிரப்பும் சிவிஇ-2024-8176-க்கான திருத்தம் 2.7.0-இல்தான் வந்தது.

ஜாவாவில் சிக்கல் வேறு மாதிரி. ஜாவாவின் கருவித்தொகுப்பான ஜேடிகே-வுக்குள்ளேயே ஒரு பார்சர் இருக்கிறது. ஆனால் யாரோ எப்போதோ சேர்த்த ஏதோ ஒரு டிபென்டன்சி வழியாகப் ஸெர்செஸ் என்ற வேறொரு பார்சரின் பழைய ஜார் ஃபைல் கிளாஸ்பாத்துக்குள் வந்துவிட்டால், பார்சரை உருவாக்கித் தரும் ஃபேக்டரி சத்தமில்லாமல் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அதன்பின் நீங்கள் ஜேடிகே-வுக்குக் கொடுத்த வரம்புகள் எதையும் அது மதிக்காது. ஃபேக்டரி உருவாக்கிய ஆப்ஜெக்டின் முழு கிளாஸ் பெயரை லாகில் அச்சிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

படி 3: டாக்டைப்பையே மறுத்துவிடுங்கள்

மற்ற எல்லாம் இரண்டாம் பட்சம். டிடிடி இல்லாவிட்டால் புதிய என்டிட்டியை அறிவிக்க இடமே இல்லை. எக்ஸ்டர்னல் என்டிட்டியும் அதோடு போயிற்று. ‘எங்கள் ஆவணங்கள் உடைந்துவிடுமோ’ என்ற பயம் தேவையில்லை. சிறியது (<), பெரியது (>), ஆம்பர்சண்ட், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள் ஆகியவற்றுக்கான ஐந்து என்டிட்டிகளும் மொழியிலேயே உள்ளவை, அவற்றுக்கு டிடிடி வேண்டாம். சர்வர்கள் பேசிக்கொள்ளும் சோப் நெறிமுறையின் செய்தியில் டிடிடி இருக்கவே கூடாது என்று சோப் 1.1 விதியே சொல்கிறது. அரட்டைக்கான எக்ஸ்எம்பிபி நெறிமுறையும் தடை செய்திருக்கிறது.

ஜாவாவில் ‘டிஸ்அலோ-டாக்டைப்-டெக்ல்’ என்று முடியும் அப்பாச்சி ஃபீச்சரை ட்ரூ என்று வையுங்கள். டாம், சாக்ஸ் என்ற இரண்டு படிக்கும் முறைகளின் ஃபேக்டரிகளிலும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஸ்டாக்ஸ் என்ற மூன்றாவது முறையைப் பயன்படுத்தினால் அங்கே டிடிடி ஆதரவை ஃபால்ஸ் என்று வைக்கும் ப்ராப்பர்ட்டி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், ஸ்கீமா ஃபேக்டரிகளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவையும் எக்ஸ்எம்எல் படிக்கின்றன. ‘செக்யூர் ப்ராசஸிங்’ என்ற அழகான பெயருள்ள ஃபீச்சரை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது விரிவாக்கத்துக்கு வரம்பு வைக்கும், வெளி என்டிட்டிக்கு எல்லாப் பார்சரிலும் முழுப் பூட்டு போடாது.

பைதானில் டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல் எளிது. இம்போர்ட் வரியை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. ஒன்று மட்டும்: அது டீஃபால்டாக என்டிட்டி அறிவிப்புகளைத்தான் மறுக்கிறது, டிடிடியை முழுமையாக மறுக்க அதற்கான ஆர்க்யூமென்ட்டைக் கொடுக்க வேண்டும். எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு பைதான் லைப்ரரியைப் பயன்படுத்துபவர்கள் பார்சரை உருவாக்கும்போதே ரிசால்வ்_என்டிட்டீஸ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். 5.0 வெர்ஷனிலிருந்து அதன் டீஃபால்ட் வெளி என்டிட்டிகளை விரிக்காது, ஆனால் ஆவணத்துக்குள்ளேயே அறிவித்தவற்றை இன்னும் விரிக்கும்.

பிஎச்பி-யில் இருக்கும் பொறி ஒரு பெயர். லிப்எக்ஸ்எம்எல்_நோஎன்ட் என்ற ஃபிளாக்கைப் பார்த்தால் ‘என்டிட்டி வேண்டாம்’ என்று சொல்வதுபோல் இருக்கிறது. பாதுகாப்புக்கென்று நினைத்து அதைப் போடுபவர்கள் உண்டு. அது செய்வது நேரெதிர்: என்டிட்டிக் குறிப்பு ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் விரித்துவிடும். கோடில் அந்தப் பெயர் தென்பட்டால் உடனே நீக்குங்கள்.

டாட்நெட்டில் 4.0-லிருந்து எக்ஸ்எம்எல்ரீடர் அமைப்புகள் டிடிடியை டீஃபால்டாகவே மறுக்கின்றன. பழைய எக்ஸ்எம்எல்டெக்ஸ்ட்ரீடர் கிளாஸ் இன்னும் டிடிடியைப் படிக்கும், பழைய கோடில் அதைத் தேடுங்கள். ரூபியின் ரெக்ஸ்எம்எல் 10,000 விரிவாக்கம் என்ற வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அதன் சாக்ஸ்2, புல் பார்சர் வழிகளில் இருந்த ஓட்டை 2024-இல் சிவிஇ-2024-41946 என்று பதிவாகி 3.3.3-இல் அடைபட்டது. கோ மொழியில் கவலை குறைவு. அதன் நிலையான லைப்ரரி டிடிடியில் அறிவித்த என்டிட்டிகளைக் கண்டுகொள்வதே இல்லை. என்னைக் கேட்டால் எல்லா லைப்ரரியும் முதல் நாளிலிருந்தே இப்படி இருந்திருக்க வேண்டும்.

குறுக்குவழி ஒன்று எல்லோருக்கும் தோன்றும்: பார்சருக்குக் கொடுக்கும் முன் ‘டாக்டைப்’ என்ற சொல் இருக்கிறதா என்று ரெஜெக்ஸால், அதாவது உரையில் வடிவம் தேடும் சூத்திரத்தால், தேடிப் பார்த்துவிட்டால் என்ன? வேண்டாம். எல்லா எக்ஸ்எம்எல் பார்சரும் யூடிஎஃப்-16-ஐயும் படித்தாக வேண்டும் என்பது விதி. அதே ஃபைலை யூடிஎஃப்-16-இல் அனுப்பினால் எழுத்துகளுக்கு இடையே சுழிய பைட்டுகள் வரும். உங்கள் ரெஜெக்ஸ் ஒன்றையும் பார்க்காது, பார்சர் எல்லாவற்றையும் பார்க்கும். ஸென்ட் ஃப்ரேம்வொர்க்கின் எக்ஸ்எம்எல் பாதுகாப்புப் பகுதி இதே போன்ற தேடலை நம்பியிருந்து, 2015-இல் சிவிஇ-2015-5161 என்ற பதிவோடு திருத்தப்பட்டது.

படி 4: டிடிடி தேவைதான் என்றால் கணக்குப் போடுங்கள்

டாக்புக், டிட்டா போன்ற பதிப்பக வடிவங்களில் வேலை செய்பவர்களால் டிடிடியை விட முடியாது. அவர்களுக்கு வரம்புகள்தான் துணை. அந்த வரம்பு எதை அளக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எக்ஸ்பேட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே வந்த பைட்டுகளைப் போல எத்தனை மடங்கு பைட்டுகளைத் தான் கையாள நேர்கிறது என்று அது கணக்கு வைக்கிறது. 8 எம்பி வரை கேள்வி கேட்காது. அதைத் தாண்டிய பிறகு விகிதம் 100 மடங்கை மீறினால் நிறுத்திவிடும். ஒரு கிலோபைட் தாக்குதல் ஃபைல் 8 எம்பியிலேயே செத்துவிடும், பிரமாதம். ஆனால் உங்கள் அப்லோட் வரம்பு 10 எம்பி என்று வையுங்கள். தாக்குபவர் 10 எம்பி ஃபைலை அனுப்பி, 99 மடங்கு மட்டும் விரியும்படி அமைத்தால்? ஏறக்குறைய 1 ஜிபி. எக்ஸ்பேட் வாயே திறக்காது, அதன் விதிப்படி எல்லாம் சரி. அந்த 1 ஜிபி பைதான் ஆப்ஜெக்டுகளாக மாறும்போது ஆகும் கூடுதல் செலவு வேறு. ஆகவே விகித வரம்பு மட்டும் போதாது, உள்ளே வரும் ஃபைலின் அளவுக்கும் இறுக்கமான வரம்பு வேண்டும். 10 எம்பி எக்ஸ்எம்எல் உங்களுக்கு உண்மையிலேயே வருகிறதா என்று ஆக்சஸ் லாகைப் பாருங்கள். 256 கேபி போதும் என்றால் அதையே வையுங்கள், கூடவே மடங்கையும் குறையுங்கள். எக்ஸ்பேட்டை நேரடியாக சி-யிலிருந்து அழைப்பவர்களுக்கு இரண்டையும் மாற்றும் ஃபங்ஷன்கள் இருக்கின்றன.

ஜாவாவில் எண்ணிக்கை வரம்பு ஜேடிகே 24-இல் 64,000-லிருந்து 2,500-ஆகக் குறைந்தது. அப்கிரேட் செய்யும்போது இதுவரை ஒழுங்காக ஓடிய ஏதாவது ஒரு பெரிய ஆவணம் பிழை கொடுக்கலாம். அந்தப் பிழையைத் தேடினால் கிடைக்கும் முதல் யோசனை ‘வரம்பை 0 என்று வையுங்கள், சரியாகிவிடும்’ என்பதாகத்தான் இருக்கும். 0 என்றால் அங்கே ‘வரம்பே இல்லை’ என்று அர்த்தம். எல்எக்ஸ்எம்எல்-இல் ஹியூஜ்_ட்ரீ, லிப்எக்ஸ்எம்எல்2-இல் ஹியூஜ் ஃபிளாக் ஆகியவையும் இதே ரகம். வரம்பை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த ஒரு ஆவணத்துக்கான பார்சருக்கு மட்டும், தேவையான அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். முழு ஜேவிஎம்முக்கும் கமாண்ட் லைனில் திறந்துவிடாதீர்கள்.

படி 5: உடைந்தாலும் ஊர் கெடாமல் பாருங்கள்

வெளியார் தரும் ஃபைலைப் படிக்கும் வேலையைத் வொர்க்கர் என்ற தனி ப்ராசஸில் வையுங்கள். அதற்கு மெமரி வரம்பும் நேர வரம்பும் கொடுங்கள். நேர வரம்பை விட்டுவிடக் கூடாது. ஓடை முறையில் படித்து உடனுக்குடன் தூக்கியெறியும் பார்சரில் மெமரி ஏறவே ஏறாது, சிபியு மட்டும் நூறு சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதன்பிறகு, வொர்க்கர்களுக்கு வேலையை வரிசையாகக் கொடுக்கும் க்யூவைப் பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். மெமரி தாண்டியதால் வொர்க்கரை கெர்னல் கொல்கிறது. வேலை முடிந்தது என்ற தகவல் வராததால் க்யூ அதே செய்தியை அடுத்த வொர்க்கருக்குக் கொடுக்கிறது. அதுவும் சாகிறது. சிறிது நேரத்தில் எல்லா வொர்க்கரும் ஒரே ஃபைலால் மாறிமாறிச் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும், மற்ற பயனர்களின் வேலை எதுவும் நகராது. தாக்குபவர் அனுப்பியது ஒரே ஒரு கோரிக்கை. மறுமுயற்சிக்கு இரண்டு அல்லது மூன்று என்ற உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டிய செய்திகளைத் தனி க்யூவுக்கு ஒதுக்குங்கள். கன்டெய்னர் சாகும்போது ட்ரை-கேட்ச் ஓடாது என்பதால், முயற்சி எண்ணிக்கையை வேலை தொடங்கும் முன்பே குறித்து வைக்க வேண்டும்.

படி 6: சோதனை எழுதி சிஐ-யில் போடுங்கள்

கோட் மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் அமைப்புதான் சிஐ. அதில் போட மூன்று ஃபைல்கள் போதும். முதலாவது, ஒரு டாக்டைப்பும் பாதிப்பில்லாத ஒரு என்டிட்டியும் மட்டும் உள்ள குட்டி ஃபைல். டிடிடியைத் தடை செய்திருந்தால் இதற்குப் பிழை வர வேண்டும். இரண்டாவது, அதையே யூடிஎஃப்-16-இல் சேமித்தது. மூன்றாவது, அடுக்கு ஃபைல், ஆனால் முழு ஒன்பது அடுக்கு வேண்டாம். மூன்று பைட் சொல்லோடு ஏழு அடுக்கு வைத்தால் 30 எம்பி விரியும். எக்ஸ்பேட்டின் 8 எம்பி, ஜாவாவின் எண்ணிக்கை வரம்பு இரண்டையும் தாண்டும். தடுப்பு இல்லாவிட்டாலும் சிஐ மெஷின் சாகாது, சோதனை மட்டும் தோற்கும்.

பிழை வந்ததா என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பிழை என்றும் பாருங்கள். எக்ஸ்பேட் என்றால் ‘உள்ளீட்டுப் பெருக்க வரம்பு மீறப்பட்டது’ என்ற பொருளில் வரும். ஜாவா என்றால் எத்தனை விரிவாக்கத்துக்கு மேல் போனது என்று எண்ணோடு சொல்லும். ‘ஃபைல் கிடைக்கவில்லை’ என்ற பிழையால் பச்சை காட்டிக்கொண்டிருக்கும் பாதுகாப்புச் சோதனை இல்லாததற்குச் சமம். இந்தச் சோதனைகள் ப்ரொடக்‌ஷனுக்குப் போகும் அதே கன்டெய்னர் இமேஜில் ஓட வேண்டும். எக்ஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்று இரண்டாம் படியில் பார்த்தோமே, அதற்காகத்தான்.

எக்ஸ்எம்எல் போலவே தரவை எழுதப் பயன்படும் யாமல் வடிவத்தைப் படிக்கும் சேவை இருந்தால் நான்காவதாக ஒரு ஃபைல் சேருங்கள். யாமலில் டிடிடி இல்லை. ஆனால் ஒரு மதிப்புக்கு ஆங்கர் வைத்து, பின்னால் ஏலியாஸாகக் கூப்பிடும் வசதி உண்டு. அதே அடுக்கை அதிலும் கட்டலாம். 2019-இல் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெடிஸின் ஏபிஐ சர்வரே இதில் மாட்டி, சிவிஇ-2019-11253 என்று பதிவானது. அங்கே டாக்டைப்பைத் தடை செய்வதுபோல ஒரே வரியில் முடிகிற வழி எல்லா லைப்ரரியிலும் இல்லை. உங்கள் லைப்ரரியில் ஏலியாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாம் படியில் சொன்ன மெமரி, நேர வரம்புகள்தான்.